புகை அடித்தும் கொசு போகவில்லை (செந்தூல் தரைவீடு)

புகை, பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் கிடக்கும் கொசுப் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. புகை அடித்த மூன்றாம் நாளே மறுபடி கடிக்கிறது என்கிறீர்களே, காரணம் பெரும்பாலும் அதுதான்.

பூச்சட்டி, வாளி எல்லாம் கவிழ்த்தாயிற்று என்றால் என் சந்தேகம் கூரை ஓரத் தகர வாய்க்கால் மேல். அடைமழைக்குப் பிறகு சருகு அடைத்துத் தண்ணீர் நின்றுவிடும். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள, மேலே ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் ஏதாவது நெளிந்து நெளிந்து அடியில் இறங்கினால் புழுதான். சருகை அள்ளித் தண்ணீரை ஓடவிடுங்கள்.

அப்புறம் கவிழ்த்த வாளிகளின் உட்புறத்தைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். டிங்கி (டெங்கு) காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை வாளியின் உட்சுவரில் ஒட்டியபடி, காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும்; அடுத்த மழையில் பொரித்துவிடும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

கொட்ட முடியாத தண்ணீருக்குப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, 10 லிட்டருக்கு 1 கிராம்.

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் உங்கள் வீட்டை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை, டிபிகேஎல்-இல் (கோலாலம்பூர் மாநகராட்சியில்) புகார் கொடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள். டிங்கியாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. உடனே கிளினிக் போய் ரத்தம் சோதியுங்கள்.