குளிர்காலத்தில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளோடு செய்ய எளிய கைவேலைகள் என்ன? (இராமநாதபுரம் கரைக்கு ஏற்ற பதில்)

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு குளிர்காலத்தில் என்ன செய்யலாம், எங்கே தேடினாலும் பஞ்சு ஒட்டிய பனிமனிதன்தான் வருகிறது, நாங்கள் இருப்பதோ கீழக்கரைப் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை எல்.கே.ஜி. என்றும், ‘விண்டர்’ என்று தலைப்புக் கொடுத்து டிசம்பருக்குள் ஏதாவது செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் ஓவன் இருக்காது, பசை உலர வைக்க ஏசி அறையும் இருக்காது என்று வைத்தே எழுதுகிறேன். இருப்பவர்கள் உலரும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

பனிமனிதன் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் நம் பிள்ளைக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் வேப்பிலை நுனியில் நிற்கும் துளிதான். வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிதான கரை இது. நம் குளிர்காலம் வாடைக்காற்று, விட்டு விட்டுப் பெய்யும் மழை, துணி காயாத ஈரம், கண்மாய்க்கு வந்து இறங்கும் பறவை. கைவேலையையும் இவற்றிலிருந்தே எடுத்தால் பொருளும் பக்கத்தில் கிடைக்கும், பிள்ளைக்கும் தான் செய்வது என்னவென்று புரியும். வெளியூர்க் குறிப்புகள் இங்கே சொதப்புவதற்கு முக்கியக் காரணம் ஈரம். ஐப்பசி முதல் மார்கழி வரை பசை உலராது, அட்டை வளையும், உப்பு கசியும், ஓலையில் பூஞ்சை பிடிக்கும். இதைக் கணக்கில் வைத்துப் பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் ஓலைக் காத்தாடி. வாடை வீசும்போது வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் நின்றால் காத்தாடி நிற்காமல் சுற்றும். அதே நாளில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கரை அடங்கிக் கிடக்கும். இதைப் பிள்ளையிடம் சொல்லி இரண்டு கரையிலும் பிடித்துப் பார்க்கச் சொல்லலாம். வேண்டியது ஒரு பனையோலை. முற்றிய ஓலை மடித்தால் ஒடியும், குருத்தோலை காற்றில் துவளும்; இரண்டுக்கும் இடைப்பட்டதாகப் பாருங்கள். மட்டையின் கருக்கு ரம்பம் போலக் கையை அறுக்கும், அதனால் மட்டையைப் பெரியவர் வெட்டி ஒதுக்கிய பிறகே பிள்ளையிடம் ஓலை போக வேண்டும். நடுவில் ஓடும் ஈர்க்கை உரித்தெடுத்தால் இரண்டு பட்டை கிடைக்கும். 3 சென்டிமீட்டர் அகலம், 14 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்றை நறுக்குங்கள். காய்ந்திருந்தால் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் மடிக்கும்போது நெடுக்காகப் பிளந்துவிடும்.

சுற்றாத காத்தாடிக்குப் பெரும்பாலும் காரணம் மடிப்பு. பட்டையைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு, வலது பாதியில் மேல் விளிம்பைப் பின்னால் சாய்த்து மடியுங்கள். இடது பாதியில் கீழ் விளிம்பைப் பின்னால் மடியுங்கள். இரண்டு பக்கமும் மேல் விளிம்பையே மடித்தால் காற்று இரண்டு சிறகையும் ஒரே பக்கமாகக் கீழே அழுத்தும், சுழற்சி வராது. நான்கு வயதுப் பிள்ளை ஒருமுறை காட்டினால் மடித்துவிடும். மூன்று வயதுக்கு மடிக்க வேண்டிய இடத்தில் நகத்தால் கோடு கீறிக் கொடுங்கள்.

அச்சுக்கு உடைமுள் நல்லது. நேராக, நீளமாக, வெள்ளையாக இருக்கும். சீமைக்கருவேல முள் எங்கும் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள், குத்தினால் வீங்கி இரண்டு நாள் வலிக்கும். முள் வேலை முழுக்கப் பெரியவருடையது. பட்டையின் சரியான நடுவில், முள்ளைவிடச் சற்றுப் பெரிதாக ஓட்டை போடுங்கள். ஓட்டை இறுகினால் சுற்றாது, நடுப்புள்ளி விலகினால் ஒரு பக்கம் கனத்துத் தொங்கும். பட்டையைக் கோத்த பிறகு, கைப்பிடிக்கும் பட்டைக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் ஸ்ட்ரா துண்டு ஒன்றை மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஓலை கைப்பிடியில் உரசி நின்றுவிடும். கைப்பிடிக்குப் பப்பாளிக் காம்பு அன்றைக்கு மட்டும் தாங்கும், சோளத்தட்டை ஒரு வாரம் தாங்கும். காம்பைத் தாண்டி வெளியே வரும் முள் நுனியை ஒடித்துவிட்டு, அழிரப்பர் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். மிஞ்சிய ஓலையை நியூஸ்பேப்பரில் சுற்றிக் காற்றோட்டமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால் மூன்றாம் நாளே கரும்புள்ளி பிடிக்கும்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றலாம், இருந்தும் இதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. பனை நம் மாநில மரம். வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் செங்கல் சூளைக்குப் பனை வெட்டிப் போகிற லாரிகளைப் பார்க்கிறோம். ஒரு பனை ஆணா பெண்ணா என்று தெரியவே பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். சாயல்குடி, கமுதிப் பக்கம் பாளை சீவ ஆள் இல்லை என்பது ஒரு குறை; அதைக் காரணம் காட்டி மரத்தையே விற்பது பெரிய அநியாயம். பிள்ளைக்குக் காத்தாடி செய்ய ஓர் ஓலை கேட்டு நாலு தெரு நடக்க வேண்டிய நிலை கண்முன்னே வந்துகொண்டிருக்கிறது.

பனங்கொட்டையிலும் ஒரு வேலை உண்டு. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் பிசைந்த கொட்டைகள் கொல்லையில் கிடக்கும். அவற்றில் ஒட்டிய நார்தான் தாடி. மூன்று தண்ணீரில் கசக்கி அலசி, பழச்சதை துளியும் இல்லாமல் எடுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டுப் பழைய சீப்பால் வாரினால் பொன்னிறத் தாடி வரும். மேலே வழுக்கையாகக் கத்தரித்து இரண்டு கண் வரைந்தால் தாத்தா. கிறிஸ்துமஸ் வேண்டுவோர் சிவப்புக் காகிதத்தில் கூம்புத் தொப்பி ஒட்டலாம். சீப்பால் வாருவதை மூன்று வயதுப் பிள்ளை அலுக்காமல் கால் மணி நேரம் செய்யும், இந்த வயதுக்கு அது நீண்ட நேரம். சதை மிஞ்சினால் எறும்பும் வண்டும் வரும், ஈர இடத்தில் வைத்தால் கொட்டை முளைவிடும்.

அடுத்து மாவு வேலை. எல்லாரும் சொல்வது இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, முக்கால் கப் தண்ணீர் என்ற உப்பு மாவு. கடற்கரையில் மழைக்காலத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கல்லுப்பைப் பொடித்துப் போட்டால் அதில் இருக்கும் மற்ற உப்புகள் இன்னும் அதிகமாகக் கசியும். காய்ந்தது போல இருந்த மீன் பொம்மை நாலு நாளில் பிசுபிசுத்து வால் விழும். அதோடு, பார்த்ததையெல்லாம் வாயில் போடும் பிள்ளை இந்த மாவைக் கொஞ்சம் அதிகமாகத் தின்றுவிட்டால் அந்த உப்பே உடம்புக்கு ஆபத்து. எங்களுக்கு நன்றாகத்தான் வந்தது என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் பங்குனி, சித்திரை வெயிலில் செய்ததாக இருக்கும்.

பதிலுக்குச் சமையல் சோடா மாவு செய்யுங்கள். அரை கப் சமையல் சோடா, கால் கப் வெள்ளைச் சோள மாவு (கார்ன்ஃப்ளார்) இரண்டையும் மூன்றில் ஒரு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் பச்சையாகவே கரைத்து, பிறகு சிறு தீயில் வைத்துக் கிண்டுங்கள். முதலில் பால் போல இருக்கும், திடீரென்று இறுகும். களி போல உருண்டு பாத்திரத்தை விட்டு விலகியதும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கிண்டினால் உலரும்போது வெடிக்கும். ஈரத் துணி போட்டு மூடி ஆறவிடுங்கள். ஆறு வில்லைகள் வரும். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, மட்டிச் சிப்பியின் முதுகை அழுத்தி எடுத்தால் வரிவரியாக அச்சு விழும். ஓட்டை போட வேண்டுமானால் ஈரத்திலேயே போடுங்கள். மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு, திருப்பிப் போட்டு இன்னோர் இரவு. வெயில் அடிக்கிறதே என்று வெளியே வைத்தால் மேல்பக்கம் முதலில் இறுகி வளையும். நிறத்துக்கு மஞ்சள்தூள் போட்டால் சோடாவோடு சேர்ந்து சிவக்கும், பிள்ளைகளுக்கு அது பெரிய அதிசயம். எலுமிச்சை, புளி எதுவும் சேர்க்காதீர்கள், பொங்கி மாவு பாழாகும்.

சிப்பி பொறுக்கும்போது கவனம். காலியான, பெரிய மட்டி ஓடுகள் போதும். பெரியவர் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையத்துக்குள் நுழைவது பிள்ளையின் தொண்டையை அடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூம்பு வடிவச் சங்குகளைப் பிள்ளை தொட விடக்கூடாது, உயிரோடு இருந்தால் விஷ முள்ளால் கொட்டும். பவளத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை அழகாகக் கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை அடங்கும். மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன, அங்கிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. எடுத்த ஓடுகளை நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள். உப்புப் படிவு இருந்தால் பசை பிடிக்காது.

பசையும் வீட்டிலேயே காய்ச்சலாம். இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கால் கப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் முக்கால் கப் தண்ணீரில் ஊற்றிக் கிண்டினால் கண்ணாடி போல வரும். சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவோர் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது. இரண்டு நாளைக்கு மேல் வைக்காமல் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். சிப்பி ஒட்ட மட்டும் ஃபெவிக்கால்தான் சரி. வெள்ளை மறைந்து கண்ணாடியாக மாறும் வரை, இந்த மாதங்களில் ஓர் இரவு, அசைக்கக் கூடாது.

அனுப்ப இரண்டே நாள் இருக்கிறது என்றால் பூநாரை. நாரையும் பறந்து கடக்க முடியாத அளவு பெரிது என்ற பொருளில் ‘நாரை பறக்காத 48 மடை’ என்று ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயைச் சொல்லும் ஊர்க்காரர்கள் நாம், பறவைக்குப் பஞ்சமில்லை. மழை ஓய்கிற சமயத்தில் தனுஷ்கோடியின் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் இறங்கும். ஒரு கரண்டி வெள்ளை போஸ்டர் கலரில் இரண்டு மூன்று சொட்டுச் சிவப்பு கலந்து, தட்டில் ஈரத்துணி விரித்து அதன் மேல் பூசுங்கள். பிள்ளை உள்ளங்கையைத் துணியில் ஒற்றித் தாளில் பதிக்கட்டும். நேரடியாகக் கையில் பூசினால் விரல் இடுக்கில் நிறம் தேங்கி அச்சு கலங்கும். கட்டைவிரல் கழுத்து, மற்ற நான்கும் சிறகு. கால்களுக்கு இரண்டு ஈர்க்குத் துண்டு, ஒன்றை நடுவில் மடித்து ஒட்டினால் ஒற்றைக் காலில் நிற்கும். அலகைக் கீழ்நோக்கி வளைத்து நுனியைக் கறுப்பாக்குங்கள். தலையைக் கவிழ்த்துத்தான் அது இரை தேடும். கோலத்துக்கு விற்கும் வண்ணப்பொடியைக் கரைத்துக் கையில் பூசாதீர்கள், அது தோலுக்கானது அல்ல.

பத்து நாள் அவகாசம் இருந்தால் நான் முதலில் சொல்வது சிரட்டை முடி, அதாவது முகம் வரைந்த தேங்காய்ச் சிரட்டையில் முடி போல முளைக்கும் பயிர். சிரட்டையில் கண் இருக்கும் பாதியை எடுத்து, மூன்று கண்ணில் மெத்தென்றிருக்கும் ஒன்றைக் குத்தித் திறந்தால் தண்ணீர் வடிய வழி கிடைத்துவிடும். வெளிப்பக்கத்தில் பிள்ளை முகம் வரையட்டும். அடியில் ஒரு விரல் உயரம் தேங்காய் நார், மேலே இரண்டு விரல் செம்மண். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு முளையைக் கருக்கிவிடும். ஒரு மேசைக்கரண்டி கேழ்வரகையோ கம்பையோ எட்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் ஓர் இரவு கட்டி வைத்துத் தூவுங்கள். முளைப்பாரி அம்மனுக்கு உரியது, அதை விளையாட்டாக்கலாமா என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். இது விதை முளைப்பதைப் பிள்ளை பார்ப்பதற்கு மட்டும். முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பதால் அது வெளுத்து உயரமாக வரும், இதை வெளிச்சத்தில் வைத்தால் குட்டையாகப் பச்சையாக வரும். இரண்டு சிரட்டை போட்டு ஒன்றைக் கூடையால் மூடி வைத்தால் வித்தியாசம் பிள்ளைக்கே தெரியும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய பிரச்சினை. நம் போர்வெல் தண்ணீர் பல ஊரில் உவர்ப்பு, அதை ஊற்றினால் மூன்றாம் நாள் நுனி காயும். மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் காவிரித் தண்ணீர். காலை இரண்டு கரண்டி, மாலை இரண்டு கரண்டி. பிள்ளைகள் ஆசையில் டம்ளரோடு ஊற்றுவார்கள், அப்போதுதான் விதைமேல் வெள்ளைப் பூஞ்சை படரும். மருந்துப் புட்டியோடு வரும் சின்ன மூடியைக் கொடுத்தால் அளவு தானாக நிற்கும்.

எட்டாம் நாள் வாக்கில் முடி விரல் நீளம் வந்துவிடும். மழுங்கிய கத்தரியைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். மூன்று வயதில் சும்மா நறுக்கத்தான் வரும், நான்கு வயதில் நேர்கோட்டில் வெட்ட வரும், வளைவுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். காகிதத்தில் இதைப் பழக்குவதைவிட முடி வெட்டிவிடுவது பிள்ளைக்குப் பிடிக்கும். வெட்டிய கேழ்வரகும் கம்பும் மறுபடி வளரும், ஏனென்றால் புல்வகைக்கு வளரும் இடம் அடியில் இருக்கிறது. பாசிப்பயற்றை முளைக்கட்டி வெட்டினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

பள்ளிக்குக் கொண்டுபோகும் நாள் காலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சிரட்டை உருளாமல் நிற்கப் பழைய துணியில் சின்னதாக ஒரு சும்மாடு சுற்றி, இரண்டையும் வாய் அகன்ற டப்பாவில் மூடி போடாமல் வைத்துக் கையில் கொடுத்தனுப்புங்கள்.