பழைய டொமினியன் பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் யாரும் இதுவரை டொமினியன் என்ற சீட்டாட்டத்தை ஆடியதில்லை. நண்பர் ஒருவர் தன் பழைய பெட்டியையும் இன்ட்ரீக் என்ற விரிவுப் பெட்டியையும் சேர்த்துப் பாதி விலைக்குத் தருகிறார். கடையில் இருப்பது இரண்டாம் பதிப்பு. புதிதாகக் கற்பவர்களுக்கு எது நல்லது?

பதில்: பாதி விலை என்றால் பழையதையே வாங்குங்கள். ஆனால் பெட்டியைத் திறந்ததும் ஐந்து வகைச் சீட்டுகளை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

சீட்டுகளை வாங்கி வாங்கி அவரவர் கட்டை வளர்க்கும் இந்த ஆட்டம், டொனால்ட் எக்ஸ். வக்காரினோ வடிவமைத்தது; 2008இல் வந்தது. 2016இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, பழைய பெட்டியின் 25 வகைகளில் ஆறு போய், ஏழு புதிதாகச் சேர்ந்தன. மீதி 19 வகைகள் இரண்டு பெட்டியிலும் உண்டு. ஓர் ஆட்டத்துக்கு 10 வகைதான் தேவை என்பதால் உங்களுக்குச் சீட்டுப் பஞ்சம் வராது.

போன ஆறும் சும்மா போகவில்லை. அட்வென்ச்சரர் சீட்டின் விலை, ஆட்டக் காசில் 6. அதே 6க்கு கோல்டு என்ற காசுச் சீட்டு கிடைக்கும், பெரும்பாலும் அதுதான் நல்ல பேரம். பழகியவர்களுக்கு இது தெரியும்; புதியவர் படத்தையும் நீளமான விளக்கத்தையும் பார்த்து அட்வென்ச்சரரை வாங்கிவிட்டுத் தோற்பார். ஸ்பை, ஒவ்வொருவரின் மேல் சீட்டையும் திறந்து வைப்பதா கழிப்பதா என்று முடிவெடுக்கச் சொல்லும். அதை ஒருவர் வரிசையாக மூன்று முறை ஆடினால் மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

தீஃப் கதைதான் சுவாரசியமானது. எதிராளியின் மேல் இரண்டு சீட்டைத் திறந்து, அதில் காசுச் சீட்டு இருந்தால் ஒன்றைப் பறிக்கலாம். தொடக்கத்தில் எல்லாரிடமும் இருக்கும் 10 சீட்டில் ஏழு, மிகக் குறைந்த மதிப்புள்ள காசுச் சீட்டான காப்பர் என்பதால் பெரும்பாலும் சிக்குவது காப்பர்தான். காப்பர் குறைந்தால் எதிராளியின் கட்டு மெலிந்து நல்ல சீட்டுகள் அடிக்கடி கைக்கு வரும். அதாவது திருட்டுக் கொடுத்தவருக்குத்தான் லாபம்! இந்தக் கணக்கு புரியாத புதியவர், ‘என் காசைப் பறித்துவிட்டார்கள்’ என்று மனம் நொந்துபோவார். புதிய பதிப்பில் இதன் இடத்துக்கு வந்த பேண்டிட் காப்பரைத் தொடாது. ஆடுபவருக்கு ஒரு கோல்டும் தரும்.

சான்சலர், ஃபீஸ்ட் இரண்டும் பெரிய தொல்லை இல்லை. ஆனாலும் முதல் சில ஆட்டங்களுக்கு வேண்டாம்.

ஆறாவதான வுட்கட்டரை மட்டும் எடுக்காதீர்கள். விதிப்புத்தகம் முதல் ஆட்டத்துக்கென்று ஒரு 10 வகையைப் பரிந்துரைக்கிறது. இரண்டு பதிப்புக்கும் அதில் ஒரே ஒரு வித்தியாசம்தான்: வுட்கட்டருக்குப் பதில் மெர்ச்சன்ட். வுட்கட்டர் இரண்டு காசும் கூடுதலாக ஒரு வாங்கும் வாய்ப்பும் தரும், அவ்வளவுதான். மெர்ச்சன்ட்டோ ஒரு சீட்டையும் இன்னொரு செயல் சீட்டை ஆடும் வாய்ப்பையும் கொடுத்துவிட்டு, அந்த முறை முதல் சில்வர் காசுச் சீட்டை ஆடும்போது ஒரு காசு கூடும் என்று நிபந்தனை போடுகிறது. ஆட்டத்துக்கு மெர்ச்சன்ட் நல்லது. ஆனால் முதல் நாள் கற்றுக்கொடுக்க வுட்கட்டரே சுலபம் என்பது என் கட்சி.

வாசகங்களும் கொஞ்சம் மாறியிருக்கின்றன. பழைய மனிலெண்டர், கையில் காப்பர் இருந்தால் நீக்கியே ஆக வேண்டும் என்றது. புதியது விருப்பப்பட்டால் நீக்கலாம் என்கிறது. வேறு வீட்டில் புதிய பதிப்போடு ஆடும்போது சண்டை வராமலிருக்க, எங்கேயும் புதிய வாசகத்தையே பின்பற்றுங்கள்.

இன்ட்ரீக் விஷயத்தில் பழையதற்கே என் ஓட்டு. 2009இல் வந்த அந்தப் பெட்டியில் காசுச் சீட்டுகளும் புள்ளி தரும் வெற்றிச் சீட்டுகளும் உள்ளேயே இருக்கும். தனியாகவும் ஆடலாம், இரண்டையும் சேர்த்து நான்கு பேருக்கு மேலும் ஆடலாம். 2016 பதிப்பில் அவை கிடையாது. ‘இன்ட்ரீக்கைத் தனியாகவே ஆடலாம்’ என்ற பழைய அறிவுரையைக் கேட்டு 2016 பதிப்பை மட்டும் வாங்குபவர்கள் திண்டாடுவது இதனால்தான். பழைய இன்ட்ரீக்கில் உள்ள சபோட்டர் சீட்டை மட்டும் ஒளித்து வையுங்கள். எதிராளி ஆசைப்பட்டு வாங்கிய விலை உயர்ந்த சீட்டை அழித்துவிடும் அது, குழந்தைகள் இருந்தால் அழுகைதான்.

எல்லா ஆட்டத்துக்கும் இதே பதில் பொருந்தாது. லவ் லெட்டர் என்ற வேறொரு சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 16 சீட்டு, இளவரசிக்கு எண் 8. 2019 பதிப்பில் 21 சீட்டு, இளவரசி 9. ராஜாவும் 6இலிருந்து 7க்குப் போய்விட்டார். பழைய எண்களை மனப்பாடமாக வைத்திருப்பவர் கற்றுக்கொடுத்தால் புதியவர் குழம்பிப்போவார். அங்கே கையில் இருக்கும் பெட்டியின் குறிப்பட்டையை மட்டும் நம்புங்கள்.

நண்பரிடம் பணம் கொடுக்கும் முன் டொமினியன் பெட்டியில் காப்பர் 60, சில்வர் 40, கோல்டு 30 இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். புதிய ஏழு வகைகளை மட்டும் தனிப் பொட்டலமாகவும் வெளியிட்டார்கள். பிறகு எங்காவது கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கும்போது எல்லாச் சீட்டுக்கும் பின்பக்கம் தெரியாத ஒரே மாதிரி உறை போடுங்கள். அச்சில் நிறம் லேசாக மாறினாலும், கட்டில் அடுத்து எது வரும் என்று பார்த்தே சொல்லிவிடலாம்.