ஜிம்னியைத் தூக்கலாமா? டர்பன் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சுசுகி ஜிம்னி என்ற சின்ன நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருக்கும் நம்மாட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): அண்ணா, மூன்று கதவு ஜிம்னி புதிதாக எடுத்திருக்கிறேன். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்கி, இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் மோட்டார்), கூரை ரேக் எல்லாம் போட ஆசை. எதில் ஆரம்பிப்பது?

பதில்: டயரில் ஆரம்பி தம்பி, முடிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள். வண்டியோடு வருவது 195/80 ஆர்15. 215/75 ஆர்15 அளவில் நல்ல ஏடி டயர் (தார், மண் இரண்டுக்கும் ஆனது) வண்டியைத் தூக்காமலே பொருந்தும், கூடவே ஒரு கம்ப்ரஸரும் காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரும் வாங்கிவிட்டால் நீ போக நினைக்கும் இடங்களில் முக்கால்வாசிக்குப் போய்வரலாம். இன்ஜின் 1.5 லிட்டர், 75 கிலோவாட், அவ்வளவுதான். ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டியின் மொத்த எடை 1,435 கிலோவைத் தாண்டக்கூடாது. வெறும் வண்டியே ஏறக்குறைய 1,100 கிலோ இருக்கிறது, மிச்சத்தில் நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் வின்ச்சுக்கு எங்கே இடம்? அதையும் மீறி மாட்டினால் முன் ஸ்பிரிங் தொங்கும், அப்புறம் அதைச் சரிசெய்யத் தூக்க வேண்டியிருக்கும், செலவு ஓயவே ஓயாது. எது மாட்டினாலும் இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடு.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க்): தூக்கிய பிறகு வேகம் 80-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது. ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பர் புதிதாகப் போட்டால் நிற்குமா?

பதில்: கொஞ்ச நாள் நிற்கும், பிறகு மறுபடி ஆடும். ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் முன் ஆக்ஸில் சற்றே திரும்பி காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்துவிடும், சக்கரம் தானாக நேராகும் குணமே போய்விடும். அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ் போட்டார்களா என்று தூக்கிக் கொடுத்தவரைக் கேள். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் ராடையும் பார்க்கச் சொல், நீளம் மாற்றாமல் விட்டால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். அதற்கு முன் டயர் பேலன்ஸ் பார், அது மலிவு. பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார். ‘டக் டக்’ என்றால் கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் அச்சில் இருப்பது) அல்லது வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் டாம்பர்.

கேள்வி (வெருலம்): தம்பி, என்னுடையது மூன்றாம் தலைமுறை ஜிம்னி. 4டபிள்யூடி (நாலு சக்கர இழுவை) விளக்கு எரிகிறது, ஆனால் மணலில் பின்சக்கரம் மட்டும்தான் சுழல்கிறது.

பதில்: அக்கா, கியர்பாக்ஸைக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப், வாக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் சக்தியில்) பூட்டிக்கொள்ளும் வகை. சக்கரத்தின் பின்னால் போகும் மெல்லிய ரப்பர் குழாய் வெயிலிலும் சேற்றிலும் வெடித்திருக்கும், உள்ளே உறிஞ்சும் சக்தி கசிந்துவிடும். 4டபிள்யூடி போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். லேசாகச் சுழன்றால் ஹப் பூட்டவில்லை. பெரும்பாலும் குழாய் மாற்றினாலே போதும். அடிக்கடி தொல்லை கொடுத்தால் கையால் பூட்டும் ஹப் போட்டுவிடுங்கள், இறங்கித் திருகுவது ஒன்றுதான் சிரமம்.

கேள்வி (பீனிக்ஸ்): மழையில் தார்ச்சாலையில் 4எச் (சாதாரண வேகத்துக்கான நாலு சக்கர இழுவை) போடலாமா? கடற்கரையில் ஓட்டலாமா?

பதில்: தாரில் வேண்டாம். முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, திருப்பத்தில் இரண்டும் முறுக்கிக்கொள்ளும். கடற்கரையில் பொழுதுபோக்குக்காக ஓட்ட இந்த நாட்டில் 2001 இறுதியில் வந்த விதி தடை போட்டுவிட்டது. அனுமதி உள்ள வடக்கு மணல் பாதைகளுக்குப் போனால் டயர் காற்றழுத்தத்தை 1 பாருக்கு இறக்கு, திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவு. டர்பன் உப்புக் காற்றே போதும் துருப்பிடிக்க, மணலையும் சேர்க்காதே.

கேள்வி (டோங்காட்): ஐந்து கதவா, மூன்று கதவா?

பதில்: குடும்பம் இருந்தால் ஐந்து கதவு. மூன்று கதவில் பின்சீட்டை நிமிர்த்தினால் மிஞ்சுவது 85 லிட்டர் இடம், பிரியாணிச் சட்டிகூட நிற்காது. ஆனால் ஐந்து கதவின் வீல்பேஸ் 2,590 மில்லிமீட்டர், மற்றதைவிட 340 கூடுதல், மேட்டு முகட்டில் வயிறு தட்டும்.

கேள்வி (டோங்காட், அதே ஆள்): லெசோத்தோ எல்லையில் இருக்கும் சானி கணவாய் மலைப்பாதையில் ஜிம்னி ஏறுமா?

பதில்: எதுவும் மாற்றாமலே ஏறும். நாலு சக்கர இழுவை இல்லாத வண்டியைத்தான் எல்லைச் சாவடியில் திருப்பி அனுப்புவார்கள். உச்சி 2,876 மீட்டர், காற்று மெலிந்து இன்ஜின் பலத்தில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும், அதனால் லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர் நிலை) முதல் அல்லது இரண்டாவது கியரில் நிதானமாகப் போ. இறங்கும்போதும் அதே லோ ரேஞ்ச், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. குளிர்காலத்தில் பனி உறைந்திருந்தால் வேறு நாள் பார். லெசோத்தோவுக்குள் போவதால் பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே, சாவடி மாலையில் மூடிவிடும்.