கல்வி கேள்வி–பதில்: ஆம்பூரிலிருந்து எம்ஐடிக்கு எவ்வளவு வாய்ப்பு?

கேள்வி: நான் ஆம்பூரில் அரசு உதவி பெறும் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, கணிதம்–உயிரியல் பிரிவில் ஆங்கில வழியில் படிக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500-க்கு 481 மதிப்பெண் பெற்றேன். அப்பா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அமெரிக்காவில் உள்ள எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்), பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. சிலம்பம், அபாகஸ், இந்தித் தேர்வுகள், ஓவியம், கட்டுரைப் போட்டி என்று பதினான்கு சான்றிதழ்கள் வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் தெரு போர்வெல் தண்ணீரை டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) மீட்டரில் அளந்து நோட்டில் எழுதியும் வருகிறேன். மாலையில் தம்பியைப் பார்த்துக்கொண்டு அம்மாவுக்கும் உதவ வேண்டியிருப்பதால் எந்தக் கோச்சிங்கிலும் சேரவில்லை. எனக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது?
– ஆம்பூர் மாணவி

பதில்: சதவீதம் கேட்டிருக்கிறீர்கள், முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். 2024-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஹார்வர்டில் ஏறத்தாழ 54,000 பேர் விண்ணப்பித்ததில் 2,000-க்கும் குறைவானவர்களுக்கே இடம் கிடைத்தது. எம்ஐடிக்கு 28,000-க்கும் அதிகமானோர் விண்ணப்பித்ததில் 1,300-க்கும் குறைவானவர்கள் தேர்வானார்கள். வெளிநாட்டு மாணவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் எம்ஐடியில் இது நூற்றுக்கு இரண்டு பேர் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது, ஏனென்றால் அங்கு இளநிலை படிப்பவர்களில் வெளிநாட்டவரின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டியே இருக்கிறது. அந்தச் சில இடங்களுக்கு உலகம் முழுவதிலிருந்தும் போட்டி நடக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். கிடைக்காமல் போவதுதான் பெரும்பாலானவர்களின் அனுபவம் என்பது தெரிந்தே விண்ணப்பிக்க வேண்டும்.

ஆனால் உங்களுடைய வாய்ப்பும் அந்த இரண்டு சதவீதம்தான் என்று எழுதினால் அது உண்மையாகாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, போன வருடம் எந்தக் கல்லூரி எத்தனையில் முடிந்தது என்று பார்த்தால் நம் நிலை ஓரளவுக்குத் தெரிந்துவிடும். அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் அப்படியொரு கோடு இல்லை. மதிப்பெண் உங்களை வாசற்படி வரை கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு, இந்த மாணவி தன் ஊரில், தன் பள்ளியில், தன் வீட்டில் கைக்கு எட்டியதைக் கொண்டு என்ன செய்திருக்கிறாள் என்ற கேள்வியோடுதான் விண்ணப்பத்தைப் படிக்கிறார்கள்.

481 நல்ல மதிப்பெண். அதை ஜிபிஏ (அமெரிக்கப் பள்ளிகளின் தரப்புள்ளிச் சராசரி) ஆக்குகிறேன் என்று யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண்களை உள்ளது உள்ளபடியே கேட்கிறார்கள். அதோடு அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு எழுத வேண்டும். கோவிட் காலத்தில் அதைக் கைவிட்ட பல்கலைக்கழகங்களில் எம்ஐடி 2022-இலும், யேல், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் ஆகியவை 2024-இலும் மீண்டும் கட்டாயமாக்கும் முடிவை அறிவித்துவிட்டன. 1600-க்கு நடக்கும் இத்தேர்வு இப்போது கணினியில் இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. எம்ஐடியில் சேர்பவர்களில் பெரும்பாலானோர் கணிதத்தில் 800-க்கு 780-ஐத் தாண்டியவர்கள். நம் பாடத்திட்டத்தில் படித்த உங்களுக்குக் கணிதம் எட்டக்கூடியதே. உழைப்பு வேண்டியது ஆங்கில வாசிப்புப் பகுதியில். கான் அகாடமி இணையதளத்திலும், எஸ்ஏடி தேர்வு நடக்கும் ப்ளூபுக் செயலியிலும் பயிற்சி முழுவதும் இலவசம். தேர்வுக் கட்டணம் நூறு டாலரைத் தாண்டுவதால், பயிற்சித் தேர்வுகளை வீட்டிலேயே முழு நேரக் கணக்கோடு எழுதிப் பார்த்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பு முடிந்த பிறகு மே அல்லது ஜூனில் ஒரு முறை எழுதுங்கள். ஆகஸ்டையும் அக்டோபரையும் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன். பதினான்கு சான்றிதழ்களை வரிசையாகப் பெயர் சொல்லி எழுதிய நீங்கள், தண்ணீர் அளந்ததை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். தோல் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பேறிப் போனதைப் பற்றிய பொதுநல வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநிறுத்தியது. அந்த வழக்கைத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம்; வழக்குக்குக் காரணமான மண்ணில்தான் உங்கள் தெரு இருக்கிறது. அங்கே ஒரு பள்ளி மாணவி, யாரும் சொல்லாமல், ஆண்டுக்கணக்கில் அளவெடுத்து எழுதி வருகிறாள் என்பது எந்தப் பேராசிரியரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

ஆனால் எழுதி வைப்பதோடு நின்றுவிடக் கூடாது. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து அதிலிருந்து ஓர் எண்ணைக் காட்டுகிறது. கரைந்திருப்பது சமையல் உப்பா, சுண்ணாம்பா, குரோமியமா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் தெருவின் எண்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கின்றன? வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு எவ்வளவு இறங்குகின்றன, சித்திரை வெயிலில் எவ்வளவு ஏறுகின்றன? ஆழமான போர்வெல்லுக்கும் ஆழம் குறைந்ததற்கும் வித்தியாசம் தெரிகிறதா? பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வைப்பதால், கழிவுநீரில் குளோரைடு மிகுந்திருக்கும். குளோரைடை சில்வர் நைட்ரேட் கொண்டு டைட்ரேஷன் செய்து கண்டுபிடிக்கும் முறை உங்கள் மேல்நிலை வேதியியல் ஆய்வகத்திலேயே செய்யக்கூடியது, ஆசிரியரிடம் கேளுங்கள். வாணியம்பாடியிலோ வேலூரிலோ உள்ள கல்லூரி வேதியியல் துறை ஒன்றுக்கு நான்கு பாட்டில் மாதிரிகளோடு போய் நின்றால் ஒருவராவது உதவுவார் என்று நம்புகிறேன். கிடைக்கும் எண்களை ஒரு வரைபடமாக்கி, தெருவில் உள்ளவர்களுக்குப் புரியும்படி தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எந்தப் பல்கலைக்கழகமும் உங்களை எடுக்காவிட்டாலும் அந்த ஒரு பக்கம் உங்கள் தெருவுக்குப் பயன்படும்.

சான்றிதழ்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிடலாம். காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள்தான்; காமன் ஆப்பில் சேராத எம்ஐடியின் சொந்த விண்ணப்பத்திலோ நான்கே நான்கு. தண்ணீர் ஆய்வு முதலிடத்தில் வரட்டும். சிலம்பத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்திருந்தால் அதுவும் இருக்கட்டும். தம்பியைப் பார்த்துக்கொள்வதையும் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுவதையும் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. தினமும் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று கூச்சப்படாமல் எழுதுங்கள். பள்ளி முடிந்த பிறகு உங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமிருந்தது என்பது தெரிந்தால்தான் அந்த நோட்டின் மதிப்பு படிப்பவருக்குத் தெரியும். 650 சொற்களுக்குள் எழுதும் கட்டுரையில் வறுமையைச் சொல்லி இரக்கம் தேட வேண்டாம். மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண் நிற்கும்வரை காத்திருந்த நேரத்தில் நீங்கள் என்ன யோசித்தீர்கள் என்று எழுதினால் போதும்.

உங்கள் விஷயத்தில் மதிப்பெண்ணை விடவும் முடிவைத் தீர்மானிக்கக்கூடியது பணம். இந்தப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுச் செலவு, தங்குமிடம் உணவு உட்பட, 80,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் 65 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போதும் குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. தேர்ந்தெடுத்த பிறகு குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் தாமே ஏற்றுக்கொள்கின்றன. உங்கள் குடும்ப வருமானத்துக்குக் கையிலிருந்து கட்ட வேண்டியது ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. ஸ்டான்ஃபோர்ட் உட்பட மற்றப் பெரும்பாலானவை, எவ்வளவு உதவி கேட்கிறோம் என்பதையும் தேர்வின்போதே கணக்கில் எடுக்கின்றன. அங்கு முழு உதவி கேட்கும் மாணவிக்கு வாய்ப்பு மேலும் குறுகும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கு உதவித்தொகையே தருவதில்லை. அவற்றில் இடம் கிடைத்தாலும் போக முடியாது, விண்ணப்பச் செலவுதான் மிச்சம். ஆகவே பட்டியலைப் பெயரைப் பார்த்துப் போடாமல், வெளிநாட்டு மாணவருக்கான நிதியுதவி விதியைப் பார்த்துப் போடுங்கள். தேர்ந்தெடுத்தவர்களுக்கு முழு உதவி தரும் சிறிய கல்லூரிகள் நான்கைந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: மகன் பன்னிரண்டாம் வகுப்பு. மூன்று லட்ச ரூபாய் கட்டினால் அமெரிக்காவின் முதல் இருபது பல்கலைக்கழகங்களில் ஒன்றில் சீட் உறுதி, கட்டுரையும் அவர்களே எழுதித் தருவார்கள் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நகையை வைத்தாவது கட்டலாமா?
– ஒரு தாய், ஆற்காடு

பதில்: கட்ட வேண்டாம், அம்மா. மேலே சொன்னது போன்ற பல்கலைக்கழகங்களில் இடத்தை உறுதி செய்யும் அதிகாரம் எந்த ஏஜென்ட்டுக்கும் கிடையாது. கட்டுரை தன் சொந்த எழுத்து என்று உங்கள் மகன்தான் விண்ணப்பத்தில் உறுதிமொழி தருகிறார். அது பொய் என்று பின்னால் தெரியவந்தால் கிடைத்த இடமும் பறிபோகும், அதன் பழி உங்கள் பிள்ளை மேல்தான் விழும். வழிகாட்டுதல் தேவைப்பட்டால் அமெரிக்க அரசின் ஆதரவில் இயங்கும் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் சென்னையிலேயே இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் மாணவர் ஒருவர் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறார். ‘கவுன்சிலர்’ பரிந்துரை, பள்ளி விவரக்குறிப்பு என்றெல்லாம் கேட்கிறார்கள். எங்கள் பள்ளியில் அப்படியொரு பதவியே இல்லை. என்ன செய்வது?
– தலைமையாசிரியர், குடியாத்தம்

பதில்: அந்த இடத்தில் நீங்களே கையெழுத்திடலாம், ஐயா, கவுன்சிலர் இல்லாத பள்ளிகளில் தலைமையாசிரியர் எழுதுவதை ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த வேலையைக் கடைசி நாளுக்கு வைக்காமல் மனம் வைத்துச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து போகும் விண்ணப்பங்கள் பலவீனப்படுவது பெரும்பாலும் இங்கேதான். நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிப் பழகிய கையால், மாணவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அந்த நான்கு வரி எந்த மாணவருக்கும் பொருந்தும் என்பதால் படிப்பவருக்கு எதுவும் தெரியாமல் போகிறது. அதற்குப் பதிலாக, இயற்பியல் வகுப்பில் அவர் கேட்ட கேள்வி ஒன்று, கரும்பலகையில் ஆசிரியர் செய்த பிழையை அவர் எப்படிச் சுட்டினார், தேர்வுக்கு முன்னால் எந்த நண்பர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார் என்பது போன்ற இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை நடந்தபடி எழுதுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் குறையில்லை. பாட ஆசிரியர்கள் இருவர் தனித்தனியே எழுத வேண்டும். எம்ஐடி ஒருவரைக் கணிதம் அல்லது அறிவியலிலிருந்தும், மற்றவரை மொழி, சமூக அறிவியல் போன்ற பாடத்திலிருந்தும் கேட்கிறது. தமிழாசிரியருக்கு மாணவரை நன்றாகத் தெரியுமென்றால் அவரையே எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஆக்குவதற்கு ஆங்கில ஆசிரியர் கைகொடுக்கலாம்.

பள்ளி விவரக்குறிப்பு ஒரு பக்கம் போதும். பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள், கைத்தறி நெசவாளர், தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர், மேல்நிலையில் என்னென்ன பிரிவுகள் உள்ளன, சென்ற ஆண்டு 600-க்கு முதல் மதிப்பெண் எவ்வளவு, சராசரி எவ்வளவு என்ற விவரங்களைத் தாருங்கள். சராசரி 380 உள்ள பள்ளியில் ஒரு மாணவர் 560 வாங்குகிறார் என்பது அந்தப் பக்கம் இல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? பள்ளியின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லை நீங்களே வைத்திருங்கள். அரையாண்டு மதிப்பெண்களையும் பிறகு அனுப்பச் சொல்வார்கள்.

கேள்வி: வெளிநாட்டு விண்ணப்பத்துக்காக ஜேஇஇ பயிற்சியை விட்டுவிடலாமா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், காட்பாடி

பதில்: விடக் கூடாது. முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1, வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி முதல் வாரம் என்று கடைசி நாட்கள் வருகின்றன. நடுவில் அரையாண்டுத் தேர்வு, ஜனவரி இறுதியில் ஜேஇஇ மெயின் முதல் அமர்வு. இந்த நெருக்கடியைத் தவிர்க்க, கட்டுரைகளை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். எம்ஐடி முடிவு மார்ச் நடுவிலும், ஹார்வர்ட், யேல் போன்றவற்றின் முடிவுகள் மார்ச் இறுதியிலும் வருகின்றன. அதாவது மேல்நிலைப் பொதுத்தேர்வு நடக்கும் நாட்களிலோ முடிந்த கையோடோ. தேர்வு இருக்கும் நாளில் அந்த இணையப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். முடிவு எங்கும் ஓடிவிடாது. அடிப்படை அறிவியலில் நாட்டம் இருந்தால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு இளநிலைப் படிப்பையும், ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வையும், கணிதத்துக்குச் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் தேர்வையும் பட்டியலில் சேருங்கள். இவற்றுக்கு, வெளிநாட்டு முடிவுகளுக்காகக் காத்திராமல் விண்ணப்பித்துவிடுங்கள்.