83-ஆம் எண் குச்சி

கேள்வி: ஹாங்காங் போய்வந்த நண்பர் ஒருவர், அங்கே வோங் தாய் சின் கோயிலில் கோட்டு சூட்டு போட்டவர்கள்கூட முழங்காலிட்டு மூங்கில் குச்சி குலுக்கி ஜோசியம் பார்க்கிறார்கள் என்கிறார். இவ்வளவு படித்த, பணக்கார ஊரிலுமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கோட்டு சூட்டை விடுங்கள், அரசாங்கமே குச்சி எடுத்திருக்கிறது.

ஹாங்காங்கின் ஷா டின் பகுதியில் சே குங் கோயில் என்று ஒன்று. சே குங் சீனாவின் சோங் அரசர்கள் காலத்துத் தளபதி. கொள்ளைநோயை விரட்டும் சாமி என்று நம்பிக்கை. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் அங்கே ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒரு குச்சி எடுப்பார்கள், அதில் இருக்கும் எண்தான் அந்த ஆண்டின் பலனைச் சொல்லும். 2003-இல் எடுத்தவர் அரசுச் செயலர்களில் ஒருவரான பேட்ரிக் ஹோ. விழுந்தது 83-ஆம் எண், படுமோசம். சில வாரத்தில் சார்ஸ் என்ற தொற்றுநோய் வந்தது. ஹாங்காங்கில் மட்டும் 299 பேர் செத்துப்போனார்கள். கொள்ளைநோய் சாமிக்கு இதைவிட விளம்பரம் வேண்டுமா? அதற்குப் பிறகு அந்தப் பொறுப்பு கிராமப்புறத்தாரின் மன்றமான ஹியுங் யீ குக்கின் தலைவரிடம் போய்விட்டது. குச்சி எடுப்பதை நிறுத்தவில்லை, எடுக்கிற கையை மாற்றினார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது?

இத்தனைக்கும் அங்கே இருக்கும் 96 குச்சிகளில் 17 கெட்டவை. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை ஒன்று கையில் சிக்கத்தான் செய்யும். பள்ளிக்கூடக் கணக்குதான்.

சரி, கணக்குத் தெரிந்தவர்களும் ஏன் போகிறார்கள்? வோங் தாய் சின்னில் 100 குச்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய கவிதை. கவிதை எதையும் நேராகச் சொல்லாது. விளக்கம் கேட்கப் பக்கத்துக் கடைக்குப் போனால், என்ன விஷயமாகக் குலுக்கினீர்கள், வேலையா, கல்யாணமா, உடம்பா என்றுதான் பேச்சு தொடங்கும். பதிலுக்குத் தகுந்தாற்போல் கவிதை வளைந்து கொடுக்கும். அந்தக் கேள்விக்காகவே பலர் காசு கொடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம். வீட்டிலும் ஆபீசிலும் அதை யார் கேட்கிறார்கள்?

சீனப் பெருநிலத்திலும் இதே கதைதான். மாவோ காலத்தில் மூடநம்பிக்கை என்று ஒழிக்கப் பார்த்தார்கள். 2023 ஜூனில் நகரத்து இளைஞர்களிடையே வேலையின்மை 21.3 சதவீதம், அப்புறம் அந்தப் புள்ளிவிவரத்தையே சில மாதம் வெளியிடாமல் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு பெய்ஜிங்கின் யோங்ஹே கோயிலில் இளைஞர் கூட்டம் அலைமோதியது. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிற பையனிடம் போய், 'நீ படித்தவனாயிற்றே' என்று கேட்டுப் பாருங்கள்.