தொப்பையா, மலையேற்றமா?

கேள்வி: வயது 44, எடை 84 கிலோ, இடுப்பு 102 செ.மீ. அம்மாப்பேட்டையில் தறிப்பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிறன்று ஏற்காட்டுக்கு முதல்முறையாக நடந்தே ஏறினேன். திங்கள் காலை செக்கப்பில் எச்எஸ்-சிஆர்பி 4.6 என்று வந்தது. காய்ச்சல் இல்லை. தொப்பைதான் காரணம் என்கிறார் லேப்காரர். கொழுப்புக்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்? ஆன்டிபயாடிக் வேண்டுமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: லேப்காரர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் முழுப்பழியையும் தொப்பையின் தலையில் கட்ட முடியாது.

சிஆர்பி என்பது உடலில் அழற்சி (தொற்று, காயம் போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை) இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம்; அதைச் சிறு அளவிலும் கண்டுபிடிக்கும் சோதனைதான் எச்எஸ்-சிஆர்பி. இந்தப் புரதத்தைத் தயாரிப்பது கல்லீரல். அதைத் தூண்டுவதில் முக்கியமானது, செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் இன்டர்லூகின்-6 என்ற புரதம். ஓய்வு நேரத்தில் ரத்தத்தில் ஓடும் இன்டர்லூகின்-6இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவிலிருந்து வருவது. 1994இல் கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டறியப்பட்ட பிறகு, கொழுப்பை யாரும் வெறும் சேமிப்பு மூட்டையாகப் பார்ப்பதில்லை. கொழுப்புச் செல்கள் மிதமிஞ்சி உப்பினால் திணறும், சில செத்தும் போகும். அவை விடும் எம்சிபி-1 போன்ற சமிக்ஞைகளைப் பிடித்து மேக்ரோபேஜ் என்ற துப்புரவு நோயெதிர்ப்புச் செல்கள் வந்து, செத்த செல்லைச் சூழ்ந்துகொள்ளும். அங்கே சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்பா என்ற அழற்சிப் புரதம் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். கொழுப்புச் செல்கள் சுரக்கும், அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனோ குறையும். குடலைச் சுற்றிய கொழுப்பின் ரத்தம் போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. தொடைக் கொழுப்பைவிட வயிற்றுக் கொழுப்பு பொல்லாதது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆன்டிபயாடிக் வேண்டாம். பாக்டீரியாத் தொற்று என்ற சந்தேகம் இருந்தால்தான் புரோகால்சிட்டோனின் என்ற புரதத்தின் அளவை ரத்தத்தில் பார்ப்பார்கள்; உங்களுக்கு அதுவும் தேவையில்லை. (வழக்கமாகத் தைராய்டில் உருவாகும் இந்தப் புரதத்தை, கடும் தொற்றின்போது கொழுப்புச் செல்களும் சுரக்கும் என்பது ஒரு வேடிக்கை.)

ஏற்காட்டுக்கு வருவோம். பழக்கமில்லாத கால்கள் மலையேறினால் தசையில் நுண்காயங்கள் உண்டாகி, சிஆர்பி ஓரிரு நாள் உயர்ந்தே இருக்கும். மறுநாளே ரத்தம் கொடுத்தது தப்பு. இரண்டு வாரம் கழித்து, அதே லேபில் மறுபடி பாருங்கள். சளி, ஈறு வீக்கம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். மூன்று நாள் முன்பிருந்தே கடும் உழைப்பு வேண்டாம். ரிப்போர்ட்டில் அலகைக் கவனியுங்கள்: லிட்டருக்கு 4.6 மி.கி. என்பதும் டெசிலிட்டருக்கு 0.46 மி.கி. என்பதும் ஒன்றே. லிட்டருக்கு 1க்குக் கீழ் இருந்தால் இதய ஆபத்து குறைவு, 3க்கு மேல் அதிகம். 10ஐத் தாண்டினால் தொப்பையை விட்டுவிட்டுத் தொற்றைத் தேட வேண்டும்.

அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். உழைக்கும் தசை விடும் இன்டர்லூகின்-6 சில மணி நேரத்தில் அடங்கி, பின்னாலேயே அழற்சியைத் தணிக்கும் பொருள்களையும் வரவழைக்கும். கொழுப்பிலிருந்து வருவது ஓயாமல் கசிவது, வித்தியாசம் அங்கேதான். வாரத்துக்கு ஒரு மலையேற்றத்தைவிடத் தினமும் 30 நிமிட வேகநடை மேல்.

இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். முதல் இலக்காக 4 முதல் 8 கிலோ குறைத்தால் போதும். மறுசோதனையிலும் 3க்கு மேல் வந்தால், எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்), ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் இந்த எண்ணை ஏற்றும்.