மடல்பெட்டியிலிருந்து முகவரிகளைப் பிரித்தெடுத்தல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் சங்கத்துக்கு வந்த பழைய மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே எம்பாக்ஸ் கோப்பாக இருக்கின்றன. எழுதியவர்களின் முகவரிகள் மட்டும் வேண்டும். லினக்ஸில் என்ன கட்டளை?

பதில்: முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள்.

எம்பாக்ஸ் என்பது மடல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வெறும் உரைக்கோப்பு. வரியின் தொடக்கத்தில் ‘ஃப்ரம்’ என்ற சொல்லும் அடுத்து ஓர் இடைவெளியும் வந்தால், அங்கே புதிய மடல் தொடங்குகிறது. நீங்கள் தேடும் ‘ஃப்ரம்’ அதுவல்ல. அனுப்பியவரைக் காட்டும் தலைப்பு வரியில் சொல்லை ஒட்டி முக்காற்புள்ளி இருக்கும். பிரிப்பு வரியில் உள்ள முகவரியை எடுத்தால், குழு மடல்களில் பெரும்பாலும் திரும்பிவரும் மடல்களை வாங்கும் இயந்திர முகவரிதான் கிடைக்கும்.

மடல்களை வகைபிரிக்கும் ப்ராக்மெயில் தொகுப்போடு வரும் ஃபார்மெயில் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். அதன் ‘எஸ்’ விருப்பம் கோப்பை மடல்மடலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நீங்கள் சொல்லும் கட்டளைக்கு ஊட்டும். அந்தக் கட்டளையும் ஃபார்மெயிலாகவே இருக்கட்டும். அதற்குச் சிறிய ‘எக்ஸ்’ விருப்பத்துடன் ஃப்ரம் தலைப்பைக் கொடுங்கள். ‘சி’ விருப்பத்தையும் மறவாதீர்கள். நீண்ட தலைப்பு அடுத்த வரிக்கு மடிந்து, இடைவெளியில் தொடங்கித் தொடரும். ‘சி’ அதை ஒரே வரியாக்கித் தரும். வருவது பெயரும் முகவரியும் கலந்த வரிகள். அவற்றை, உரையில் தேடும் கட்டளையான க்ரெப்பின் ‘ஓ’ விருப்பத்துக்கு அனுப்பினால், கொடுத்த வடிவத்துக்குப் பொருந்தும் துண்டு மட்டும் மிஞ்சும். கடைசியில் வரிசைப்படுத்தும் சார்ட், ஒரே வரி மீண்டும் வராமல் தடுக்கும் ‘யூ’ விருப்பத்தோடு.

கேள்வி: இவ்வளவு சுற்று எதற்கு? முழுக் கோப்பின் மீதும் க்ரெப்பை ஓட்டினேன். இரண்டே நொடியில் பட்டியல் வந்துவிட்டது.

பதில்: வந்தது முகவரிப் பட்டியல்தானா என்று பார்த்தீர்களா? ஒவ்வொரு மடலுக்கும் மெசேஜ்-ஐடி என்று ஓர் அடையாளம் உண்டு. அதற்கும் நடுவில் @ குறி இருக்கும். பார்வைக்கு அசல் முகவரிதான். பதில் மடல்களில், முந்தைய மடல்களைக் குறிக்கும் ரெஃபரன்சஸ் தலைப்பில் இவை வரிசையாக நிற்கும். மெசேஜ்-ஐடி முகவரி அல்ல.

கேள்வி: அந்த வரிகளை முன்பே வடிகட்டிவிட்டால் போயிற்று. உங்களுக்கு க்ரெப்பின் மேல் என்ன கோபம்?

பதில்: கோபமில்லை, சற்று முன் நானே அதைத்தான் பயன்படுத்தச் சொன்னேன். மடலின் உடலுக்குள் அதைக் குருட்டாக இறக்குவதுதான் பிழை. ரெஃபரன்சஸ் வரியும் மடியும் என்பதால், அதன் முதல் வரியை நீக்கினாலும் மீதி உள்ளே நிற்கும். உடல், எழுத்துகளை உருமாற்றும் பேஸ்64 குறியாக்கத்தில் இருந்தால் அதிலுள்ள முகவரி க்ரெப்பின் கண்ணில் படாது. கோட்டட்-பிரின்டபிள் குறியாக்கத்தில் நீண்ட வரி சமக்குறியோடு ஒடிகிறது. முகவரி அந்த இடத்தில் இருந்தால் இரண்டு துண்டு. சமக்குறியே ‘=3டி’ என்று எழுதப்படுவதால், முன்னால் ‘3டி’ ஒட்டிய போலி முகவரிகளும் கிடைக்கும். உங்கள் பட்டியலில் ‘3டி’ என்று தேடிப்பாருங்கள்.

கேள்வி: தேடினேன், பதினொன்று இருக்கின்றன. ஆனாலும் என் வாதம் நிற்கிறது. கையொப்பத்தின் கீழ் எழுதிய முகவரிகள் தலைப்பில் இருக்காதே?

பதில்: நியாயமான கேள்வி. அவை உடலில்தான் இருக்கும். அப்படியானால் குறியாக்கத்தை அவிழ்த்த பிறகு தேடுங்கள். பைத்தானின் மெயில்பாக்ஸ், இமெயில் தொகுதிகள் அதற்கே இருக்கின்றன. தலைப்புகளைப் பிரிக்கவும் கெட்அட்ரஸஸ் என்ற செயற்கூறு உண்டு. மேற்கோள் குறிக்குள் காற்புள்ளி இருக்கும் பெயர்களில்கூட அது தடுமாறாது. வரியைக் காற்புள்ளியில் வெட்டும் ஆக் கட்டளை தடுமாறும். அடுத்தவருக்கும் இடம் விடுங்கள்.

கேள்வி: பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் ஒரே முகவரி இருமுறை வருகிறது.

பதில்: @ குறிக்கு இடப்பக்கம் எழுத்தளவு பொருட்படும் என்பது விதி, நடைமுறையில் அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட்டு சார்ட் செய்யுங்கள்.

கேள்வி: தண்டர்பேர்டில் நான் அழித்த மடல்களின் முகவரிகளும் வருகின்றன. எப்படி?

பதில்: அழித்த மடல், கோப்புறையைச் சுருக்கும் வரை எம்பாக்ஸிலேயே கிடக்கும். சுருக்கிவிட்டு எடுங்கள். எம்எஸ்எஃப் என முடியும் கோப்பு வெறும் சுட்டிதான், அதை விடுங்கள்.

கேள்வி: அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு?

பதில்: ரீட்பிஎஸ்டி கருவியால் எம்பாக்ஸாக மாற்றுங்கள். பிறகு முதல் பதில்.

கேள்வி: மெயில்டிர்?

பதில்: மடலுக்கு ஒரு கோப்பு என்பதால் பிரிக்கும் வேலை மிச்சம். கர், நியூ என்ற அடைவுகளில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் ஃபார்மெயிலுக்குக் கொடுங்கள், ‘எஸ்’ தேவையில்லை.

கேள்வி: க்ரெப்புக்கு நான் கொடுக்கும் வடிவம் முகவரியின் கடைசிப் பகுதிக்கு நான்கு எழுத்துகள் வரைதான் ஏற்கிறது. போதுமா?

பதில்: போதாது. ‘மியூசியம்’ என முடியும் முகவரிகள் என்ன பாவம் செய்தன? ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ்க் களப்பெயர்களும் இருக்கின்றன. அவை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் நீண்ட மாற்று வடிவில், எண்களும் இடைக்கோடுகளும் கலந்து வரும். 63 எழுத்து வரை விடுங்கள். எண்ணையும் இடைக்கோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எடுத்த முகவரிகள் அனைத்துக்கும் எங்கள் கடை விளம்பரத்தை அனுப்பலாமா?

பதில்: கூடாது. அவர்கள் மடல் எழுதினார்கள், விளம்பரம் கேட்கவில்லை.

கேள்வி: ஐயா, முழுக் கோப்பிலும் க்ரெப் ஓட்டினேன், எண்களும் எழுத்துகளுமாக விநோதமான முகவரிகள் நிறைய வருகின்றன...

பதில்: மெசேஜ்-ஐடி. மேலே படியுங்கள்.